டார்ச் அடிக்கிறவர்

ஆஸ்பத்திரி வராந்தாவில் செழித்து வளரும் ஓர் இனம் உண்டு. குழந்தைக்கு என்ன என்று கேட்கமாட்டார். யாரால் என்றுதான் கேட்பார். டாக்டர் படிப்பு வேண்டியதில்லை. கையில் ஓர் இட்லிப் பொட்டலமும் மனத்தில் ஒரு சந்தேகமும் இருந்தால் விசாரணை தொடங்கிவிடும். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் டார்ச்காரர். காரணம் இருக்கிறது.

ஓசூரில் எனக்குத் தெரிந்த டார்ச்காரர் கோவிந்தப்பன். அவருடைய தம்பி மகன் முனிராஜுக்கும் ரூபாவுக்கும் ஆண் குழந்தை பிறந்தது. சின்னத் தலை, வீங்கிய ஈரல், உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி, ஸ்கேன் எடுத்தால் மூளையில் சுண்ணாம்புத் திட்டுகள். வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து கிருமி தொற்றியிருக்கலாம், டார்ச் டெஸ்ட் எடுப்போம் என்றார் டாக்டர். அது அந்தக் கிருமிகளுடைய ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள்; அவற்றில் ஒன்று பூனையிடமிருந்தும் தொற்றும். அதெல்லாம் கோவிந்தப்பனுக்கு எதற்கு? டார்ச் என்றால் வெளிச்சம், வெளிச்சம் என்றால் தேடுவது, தேடுவதென்றால் அவர்தான். அடித்தார், நேராக ரூபாவின் முகத்தில்.

"ஏம்மா, ஜவளகிரில உங்கம்மா வீட்டுப் பூனைய மடியிலியே வெச்சினு இருந்தியே, அதான்! இல்லன்னா நீ வேலைக்குப் போன போச்சம்பள்ளி கம்பெனி கேன்டீன் சோறு. பஸ்ஸுல பக்கத்துல எவ இருமினாளோ!"

டெஸ்டில் ஒரு கிருமியும் இல்லை. நீங்களும் நானும் என்றால் இந்த இடத்தில் வாயை மூடியிருப்போம். அவர் மூடுவாரா? "டெஸ்ட்டு தப்பு, மறுபடி எடுங்க." எடுத்தார்கள். மறுபடியும் இல்லை. "கிருமி ஒளிஞ்சினு இருக்குது."

கடைசியில் முனிராஜே வந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பெரியப்பா சொல்றாரு, நீ கொஞ்ச நாளு ஜவளகிரில இரு. கொழந்தைய நாங்க பாத்துக்கறோம்." பிள்ளை பெற்ற உடம்போடு நின்றவளிடம் இப்படிச் சொன்னவனை ஓர் அறை விடலாம் போலிருந்தது எனக்கு.

நல்லவேளை, அவள் கிளம்புவதற்குள் குழந்தையைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அங்கே மரபணு டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "சொந்தத்துல கல்யாணமா?" தாய், தகப்பன், குழந்தை மூவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது தொத்து இல்ல. தொத்து மாதிரியே வேஷம் போடுற பரம்பரைக் கோளாறு. அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பழுது மறைஞ்சிருந்து, ரெண்டும் குழந்தைக்குச் சேர்ந்திருக்கு. யார் தப்பும் இல்ல."

முனிராஜ் கட்டியிருப்பது சொந்த அக்கா மகளை. கட்டிவைத்தது யார்? ரத்தம் வெளியே போகக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்ற கோவிந்தப்பன். "பொண்ணு வீட்டு வம்சத்துல..." என்று ஆரம்பித்தார். பெண் வீடும் தன் தம்பி மகள் வீடுதான் என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினார். வெளியே போய் ஒரு டீ குடித்தார். திரும்பி வந்து கூசாமல் சொன்னார்:

"நான் அப்பவே சொன்னேன், சொந்தத்துல வேணாம்னு."

ரூபா மடியிலிருந்த குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "தாத்தா, இவன உட்டுட்டு நான் எங்கியும் போவல. நீங்க ஜவளகிரிக்குப் போயி அந்தப் பூனைகிட்ட மன்னிப்பு கேளுங்க." முனிராஜ் பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.

அது போகட்டும். பூனை என்றதும், பூனையாகத்தான் இருக்கும் என்று நீங்கள் தலையாட்டினீர்களா இல்லையா? இப்போது டார்ச்சைக் கோவிந்தப்பன் மூஞ்சிக்கு நேரே பிடித்திருக்கிறீர்கள். சுகமாகத்தான் இருக்கும். கொஞ்சம் அணையுங்கள், குழந்தை இப்போதுதான் தூங்குகிறான்.