மீனுக்கு ரோஜா எசன்ஸ்

மூக்கால் உழைத்துச் சாப்பிட்ட மனிதர் இந்தச் சென்னைப் பட்டணத்திலேயே ஒருவர்தான். கையால் உழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாயால் பிழைத்தவர்களை வேண்டிய மட்டும் பார்த்துவிட்டேன். மூக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இருபது வருஷம் ஒரு கம்பெனியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தவர் எங்கள் எசன்ஸ்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று கம்பெனியில் யாருக்கும் தெரியாது. எனக்கும் கடைசிவரை தெரியாமலே போய்விட்டது.

அது யுத்த காலம். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் சோடா கம்பெனி. நான் அங்கே ஆர்டர் எழுதும் குமாஸ்தா. ரோஜா கலர், ஆரஞ்சு கலர், இஞ்சி சோடா, ஓம வாட்டர் என்று பெயர்தான் பல. உள்ளே போகிற தண்ணீரும் காஸும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நிறத்தைத் தனியாக ஊற்றுவார்கள், வாசனையைத் தனியாக ஊற்றுவார்கள். வாசனை ஊற்றுவது எசன்ஸின் வேலை. வருகிற சரக்கை மோந்து பார்த்துத் தரம் சொல்வதும் அவர்தான்.

அவர் மோந்து பார்ப்பதே ஒரு கச்சேரி. மூக்குப்பொடி போடுகிறவன் பத்தடிக்குள் வரக்கூடாது. மல் துணியால் மூக்கைத் துடைத்துக்கொள்வார். வலது பக்கம் ஒரு இழுப்பு, இடது பக்கம் ஒரு இழுப்பு. "வலது தரம் சொல்லும், இடது ஊரைச் சொல்லும்" என்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டே, "ரோஜா. ரெண்டாம் தரம். வித்தவன் பொய் பேசறவன்" என்று தீர்ப்பு வரும். கொண்டு வந்த புரோக்கர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான்.

யுத்தம் வந்ததும் கப்பல் சரக்கு நின்றுபோயிற்று. புரோக்கர்கள் எங்கிருந்தோ எதையோ பிடித்து வந்தார்கள். பாட்டிலில் சீட்டும் கிடையாது, பெயரும் கிடையாது. எல்லாம் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். இந்த நேரத்தில்தான் எசன்ஸ் ஒரு புது வழக்கம் ஆரம்பித்தார். சனிக்கிழமை சரக்கு வந்தால் மோந்து பார்ப்பார், கண்ணை மூடுவார், "கொஞ்சம் ஆறட்டும், திங்கட்கிழமை சொல்றேன்" என்பார். திங்கட்கிழமை வந்தால் பாட்டிலில் அவர் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கும்.

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பால்காரன் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறான் என்பேன். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறான் என்பேன். ஆறுவதற்கு இது என்ன காப்பியா என்று எனக்குள் குடைய ஆரம்பித்தது. எங்கள் முதலாளி என்னையும் மிஞ்சியவர். திருநெல்வேலிச் சீமைக்காரர், பழுத்த சைவம். ஒரு நாள் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வே, இந்த மனுசன் போக்கு சரியில்ல. சனிக்கெழமை சாயங்காலம் சின்னச் சின்ன பாட்டில்ல எசன்ஸ ஊத்தி மடியில கட்டிக்கிட்டுப் போறாரு. யாருக்கோ விக்காரு. ஞாயித்துக்கெழம எங்க போறாருன்னு பாத்துட்டு வாரும்."

எனக்கு இதைவிட என்ன வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். சாந்தோம் தாண்டி அடையாற்றுப் பாலத்தடியில் இறங்கினார். நான் ஒரு புன்னை மரத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். எசன்ஸ் ஒரு மூங்கில் தூண்டிலை எடுத்தார். பொட்டலத்திலிருந்து கோதுமை மாவு உருண்டை ஒன்று வந்தது. மடியிலிருந்து சின்ன பாட்டில் வந்தது. நாலு சொட்டு விட்டு மாவைப் பிசைந்தார். மரத்தடி வரைக்கும் ரோஜா வாசனை குப்பென்று அடித்தது. அதைக் கொக்கியில் குத்தித் தண்ணீரில் போட்டார்.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். அரிசிக்கு வரிசையில் நிற்கிற காலத்தில் மீனுக்கு ரோஜா எசன்ஸ்.

அப்போது ஊரூர் குப்பத்து அஞ்சலை கூடையும் தலையுமாகப் பாலத்திலிருந்து இறங்கி வந்தாள். மயிலாப்பூர்ப் பக்கம் மீன் விற்கப் போகிறவள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னா நைனா, மீனுக்கு நலங்கு வைக்கிறியா? ரோஸாப்பூ வாசன குப்பம் வரைக்கும் தூக்கிக்கினு கீது."

"ரோஜாவா?" என்றார் எசன்ஸ்.

"பின்ன இன்னா, புளியம்பூவா? தபாரு, மீனுக்கு மூக்கு கீது, நான் இல்லேங்கல. ஆனா அது பொறந்ததுலேர்ந்து சேத்தையும் இறாலையும்தான் மோந்துக்கினு கீது. ரோஸாவ அது எங்க கண்டுச்சு? ஊசிப்போன இறாலு ரெண்டு தரேன், கோத்துப் போடு."

"வேணாம்மா. இது ஆராய்ச்சி" என்றார் எசன்ஸ். அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். அவள் தலை மறைந்ததும் இவர் பென்சிலை எடுத்து ஒரு சீட்டில் என்னவோ எழுதி அந்தப் பாட்டிலில் ஒட்டினார்.

மத்தியானம் காலிக் கூடையோடு அவள் திரும்பியபோது மாவில் வேறு வாசனை. "இப்போ ஆரஞ்சா? மீனுக்கு ஜுரமா?" என்றாள் அஞ்சலை. மறுபடியும் பென்சில், மறுபடியும் சீட்டு. அன்று முழுக்க ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. சிக்காததைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

எனக்கு எல்லாம் பட்டப்பகல் மாதிரி விளங்கிவிட்டது. தூண்டில் வெறும் வேஷம். அஞ்சலைதான் ஏஜெண்டு. அவள் ஆர்டர் சொல்கிறாள், இவர் குறித்துக்கொள்கிறார், மீன் கூடையில் சரக்குப் போகிறது. முதலாளியிடம் போய் இதை விவரித்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே என் மூளை மேல் ஒரு மரியாதை வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலத்து முனையில் அஞ்சலையை மறித்தேன்.

"கூடையை இறக்கு. உள்ளே என்ன?"

"மீனு. வேற இன்னா, உங்க தாத்தாவா?"

"சோடா கம்பெனியிலேர்ந்து வரேன். பார்க்கணும்."

அவள் கூடையை இறக்கினாள். இறக்கியவள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு மீனாக எடுத்து என் கையில் வைத்தாள். "இது மடவ. நல்லாப் பாத்துக்கோ. இது கெளுத்தி. வாயத் தொறந்து காட்டட்டா? இதுக்குள்ள சோடா கீதான்னு பாரு. பேமானி, நாலு தலமொறையா மீன் விக்கிறவகிட்ட வந்து திருட்டுச் சாமான் தேடறான்." கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன். திருவான்மியூரு பக்கம் போய் வித்துக்கிறேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டாள்.

வீட்டில் என் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "என்ன நாத்தம் இது? எங்க போயிட்டு வரேள்? ஆத்துக்குள்ள கால வைக்காதேள்" என்றாள். அன்று எனக்குச் சாதம் கொல்லைப்புறத்தில்தான்.

அந்த வாரம் லஸ் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாருக்கு ரோஜா கலர் எங்கள் கம்பெனியிலிருந்து போயிற்று. பார்க்க அழகான ரோஜா நிறம். மாப்பிள்ளையின் மாமா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இது குழந்தைக்கு வயித்து வலிக்குக் குடுக்கற ஓமத் தண்ணியோன்னோ?" என்றாராம். சம்பந்திச் சண்டைக்கு வேறு காரணமே வேண்டியிருக்கவில்லை. எல்லாப் பாட்டிலும் சாயங்காலமே திரும்பி வந்தது.

முதலாளி எசன்ஸைக் கூப்பிட்டு எல்லோர் எதிரிலும் சொன்னார்: "வாற திங்கக்கெழம காலைல மூணு பாட்டில் வைப்பேன். ஆறவும் வேண்டாம், அவியவும் வேண்டாம். எம் முன்னால மோந்து அங்கனயே சொல்லணும். தப்பாச் சொன்னீருன்னா அன்னைக்கே நீரு வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்."

எசன்ஸ் தலையை ஆட்டினார். மல் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். திருடன் அகப்பட்டுக்கொண்டான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பாலத்தடிக்குப் போனேன். இந்தத் தடவை மரத்துக்குப் பின்னால் ஒளியவில்லை. நேரே பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீரில் தக்கை முங்கிற்று. எழுந்தது. மறுபடி முங்கிற்று. அதிசயமாக ஒரு மீன் வந்து மாட்டியிருக்கிறது, இந்த மனுஷர் பாலத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சார், தக்கை முழுகுது."

"ஆகட்டும்" என்றார், திரும்பாமலே. "அந்த அம்மா போன வாரமும் வரலை, இன்னிக்கும் காணோம்."

எனக்கு எரிச்சல். "இஞ்சியை இப்படி அள்ளி அப்பினா அவ எங்க சார் வருவா?" என்றேன்.

அவர் கை சட்டென்று பென்சிலுக்குப் போயிற்று. பாதியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பென்சிலைப் பார்த்தேன். எனக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

"உங்களுக்கு வாசனை தெரியலையா?"

"போன வருஷம் விஷ ஜுரம் வந்ததே, அதுல நான் எழுந்துட்டேன். மூக்கு எழுந்திருக்கலை" என்றார். "தாளிக்கறது காதுலதான் கேக்குது, அவ்வளவுதான். முன்னே பாட்டில்ல சீட்டு இருந்தது, ஓட்டிட்டேன். இப்போ அதுவும் இல்லை."

"யாரையாவது கேட்கறதுதானே?"

"இது என்ன வாசனைன்னு நானே இன்னொருத்தரைக் கேட்டா, நாளைக்கு எனக்கு அங்கே என்ன வேலை? எனக்கு வேற ஒரு தொழிலும் தெரியாதுப்பா. இங்கே வந்தா அந்த அம்மா கேட்காமலே சொல்லுவா. தூண்டில் இல்லாம சும்மா எசன்ஸை வெச்சுண்டு உட்கார்ந்தா பைத்தியம்னு போயிடுவா. தூண்டில் இருந்தா நின்னு கேலி பண்ணுவா."

நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரு வாயை விரட்டிவிட்டவன் நான். வெட்கமாக இருந்தது, அதைவிட, என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அன்றைக்கே ஊரூர் குப்பத்துக்குப் போனேன். அஞ்சலை என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தாள். நடுவில் மூச்சு விட நிறுத்தியபோது விஷயத்தையும் திங்கட்கிழமைப் பரீட்சையையும் சொன்னேன். அவள் கையிலிருந்த மீனைக் கீழே போட்டுவிட்டாள்.

"மூக்கு போன மனுசனா அது?" என்றாள் மெதுவாக. "என் மீன் கூடைக்குப் பக்கத்துல ஒரு நாளும் மூஞ்சி சுளிச்சதில்ல. பெரிய மனசுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." பிறகு, "உனுக்காக வரல. அதுக்காக வரேன்" என்றாள்.

திங்கட்கிழமை மேஜை மேல் மூன்று பாட்டில். சுற்றிலும் புரோக்கர்கள். முதலாளி முதல் மூடியைத் திறக்கவும், ஜன்னலுக்கு வெளியே சந்தில் அஞ்சலையின் கூடை வந்து இறங்கவும் சரியாக இருந்தது. பழுத்த சைவரான முதலாளி மேல்துண்டால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டார்.

"ஏ, மீன எடுத்துக்கிட்டு அங்குட்டுப் போ."

"போறேன் சாமி, தல வலிக்குது, கொஞ்சம் எறக்கி வச்சிக்கிறேன். இன்னா, உள்ள பாயாசம் காச்சறீங்களா? ஏலக்கா வாசன ஆளத் தூக்குது."

எசன்ஸ் மல் துணியால் துடைத்துக்கொண்டார். வலது. இடது. கண்ணை மூடினார். "ஏலக்காய். முதல் தரம்."

இரண்டாவது மூடி திறந்தது. "அதுக்குள்ள இஞ்சியா? எந்தப் பக்கம் சமையல் போவுதுன்னே தெரியல" என்றாள் ஜன்னலில்.

"இஞ்சி. பழைய சரக்கு" என்றார் எசன்ஸ்.

மூன்றாவதைத் திறந்தார் முதலாளி. ஜன்னலில் சத்தமில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அஞ்சலை மூக்கை விடைத்து விடைத்து இழுக்கிறாள், ஒன்றும் வரவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. எசன்ஸ் வலது பக்கம் இழுத்தார், இடது பக்கம் இழுத்தார், மறுபடியும் வலது பக்கம் இழுத்தார். அவர் நெற்றியில் வேர்வை. பிறகு கண்ணைத் திறந்தார்.

"இது பச்சைத் தண்ணி" என்றார்.

முதலாளி துண்டை எடுக்காமலே எழுந்து நின்றார். குழாயில் பிடித்து அவரே வைத்த பாட்டில் அது. "இது மூக்கு வே. மத்ததெல்லாம் சும்மா தொங்குது" என்றார் என்னைப் பார்த்து. பிறகு எசன்ஸிடம், "தப்பா நெனச்சிட்டேன், மனசுல வச்சுக்கிடாதேயும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் எசன்ஸிடம் கேட்டேன், எப்படித் துணிந்தீர்கள் என்று. "அந்த அம்மா வாயைத் திறக்கலைன்னா அங்கே வாசனையே இல்லைன்னு அர்த்தம்ப்பா" என்றார்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் பாலத்தடியில் மூன்று பேரானோம். வாசனை சேர்த்தால் மீன் சிக்குமா என்று இப்போது தூண்டில்காரர்கள் என்னைக் கேட்பதுண்டு. சோம்பு போட்டால் மடவை கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ரோஜாவுக்கு ஒன்றும் வராது. அஞ்சலையின் ஊசிப்போன இறாலுக்கு முன்னால் எந்த எசன்ஸும் நிற்காது. ஆனால் அந்த இறாலை எசன்ஸ் ஒரு நாளும் கொக்கியில் குத்தவில்லை. அதை யாரும் நின்று கேலி செய்யமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்.

சீட்டு எழுதி முடித்த பிறகும் அவர் பென்சிலைக் கீழே வைக்கமாட்டார். "இப்போ காத்துல என்னப்பா வருது?" என்று கேட்பார். உப்பு, சேறு, யாரோ வேர்க்கடலை வறுக்கிறான், தூரத்தில் மழை என்று நான் சொல்லிக்கொண்டே வருவேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். மழை என்றால் மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்.

அவர் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் அடையாற்றுப் பாலத்தில் போகும்போது, பக்கத்தில் ஆள் இல்லையென்றால், காற்றில் என்ன வருகிறதோ அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பக்கம் இறங்குகிறேன்.