சிலுவைதாசன் கண்டுபிடிக்காத பழுது

சிலுவைதாசன் மீனை விட்டுவிட்டார்.

கருங்கல் சந்தையில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். கடல் உப்பை விட்டுவிட்டது என்றாலாவது ஒருவர் இருவர் நம்புவார்கள். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, தாய்ப்பால் மறந்த கையோடு சாளைக்கறி தின்னத் தொடங்கிய மனுசன். சவூதியில், தம்மாமில் கார் எலக்ட்ரீசியனாக இருந்த காலத்தில், வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்குப் போன் போட்டு, "சொகமா இருக்கியா?" என்று கேட்பதற்கு முன்னால் "இண்ணைக்கு என்ன மீனு?" என்று கேட்டவர். அவர் மீனை விட்டுவிட்டார்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவர் மனைவி குளோரியின் இடதுகால் பெருவிரல். ஒருநாள் காலையில் அது செந்துளுவன் வாழைப்பழம் போலச் சிவந்து வீங்கியது. யூரிக் ஆசிட் என்றார் டாக்டர். இப்போதைக்கு எந்த மீனுமே வேண்டாம் என்றார். அன்று மத்தியானம் குளோரி கணவனுக்கு மட்டும் மீன்கறியை விளம்பிவிட்டு, தன் சோற்றில் மோரை ஊற்றினார். சிலுவைதாசன் அதைப் பார்த்தார். தட்டைத் தள்ளி வைத்தார்.

"உனக்கு இல்லாத மீனு எனக்கு எதுக்கு? இனி நீ திங்கது வரைக்கும் இந்த வாயில மீன் படாது."

குளோரி அடுப்புப் பக்கம் திரும்பி, எரியாத அடுப்பை ரொம்ப நேரம் அணைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து சிலுவைதாசன் மனைவியிடம் சொன்ன அழகான வார்த்தை அது ஒன்றுதான். அது அவருக்கே தெரியும். தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் குளோரி அதைச் சாட்சியாகச் சொன்னார். பெண்கள் எல்லாரும் தத்தம் புருசன்மாரைத் திரும்பிப் பார்த்தார்கள். புருசன்மார் எல்லாரும் சிலுவைதாசனை முறைத்தார்கள். நியாயத்தைப் பாருங்கள். விரல் வீங்கியது குளோரிக்கு. மாத்திரை விழுங்குவது குளோரி. மீன் நின்றது குளோரிக்கு. அதற்கு ஒரு ஆள் அல்லேலூயா சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த ஆம்பிளை தானும் நிறுத்திக்கொண்டார் என்றதும் பங்குச்சாமியார்வரை சேதி போனது!

அதோடும் விடவில்லை அவர். வீங்கிய விரலால் கிளட்ச் மிதிக்க முடியாது என்று, கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தார். குளோரி இன்சூரன்ஸ் ஏஜெண்ட். சாவைப் பற்றிச் சிரித்த முகத்தோடு பேசி, கேட்கிறவரையும் சிரிக்க வைத்துக் கையெழுத்து வாங்குகிற வேலை. மணவாளக்குறிச்சியிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை கடற்கரை வீடுகளில் ஏறி இறங்க வண்டி இல்லாமல் முடியாது. ஆக, மீன் துறந்த கணவன், கிளட்ச் துறந்த கார். குளோரி ராணி மாதிரி போனார், வந்தார்.

சிலுவைதாசன் எத்தனை நாள் தாங்கினார் என்று கேட்காதீர்கள். மரச்சீனிக் கிழங்கை வெறும் துவையலோடு தின்றார். தாங்கினார். பக்கத்து வீட்டில் அயலை பொரிக்கும் மணம் வந்தபோது சன்னலை அடைத்தார். தாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வண்டியில ஏதோ சத்தம் கேக்குது, ஒரு டெஸ்ட் ஓட்டம் போயிட்டு வருதேன்" என்று குளோரியின் காரை எடுத்தார். கார் துறைமுகத்தில் போய் நின்றது. ஆட்டோமேட்டிக் கார் அல்லவா, அதுவே போய்விட்டது என்றுதான் அவர் தன் மனசாட்சியிடம் சொல்லிக்கொண்டார்.

ஐஸும் மீனுமாக ஒரு பை, இரண்டு சீட்டுக்கும் நடுவில், கியர் லீவரில் சாய்ந்தபடி, ஊரில் அவர் நடத்தும் கார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு ஸ்டவ் இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் காரில் அடிக்கடி சத்தம் கேட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை குளோரியிடமிருந்து போன்.

"இஞ்ச கேட்டியளா? வண்டிக்குப் பிராந்து பிடிச்சிருக்கு."

"என்ன செய்யுது?"

"லீவர டி-யில போட்டா எந்தக் கியருன்னே காட்ட மாட்டேங்கு. லைட்டு கண்ணச் சிமிட்டுது. எவ்வளவு மிதிச்சாலும் ஒரே கியருல கெடந்து இழுக்குது. பின்னால மினிபஸ்காரன் எனக்க அப்பனையும் அம்மையையும் சொகம் விசாரிச்சுட்டு இருக்கான்."

"பைய ஓட்டி ஒர்க்‌ஷாப்புக்கு வா மக்கா. நான் இருக்கேம்லா."

அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. ஆட்டோமேட்டிக் கியரில் கரண்ட் கோளாறு என்றால் களியக்காவிளையிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். மற்றவர்கள் கியர்பெட்டியையே கழற்றி இறக்கிவிடலாம் என்பார்கள். சிலுவைதாசன் ஒரு நட்டைக்கூடத் தொடமாட்டார். "பெட்டிக்கு ஒரு நோவும் இல்ல. மூளையில இருந்து அதுக்குச் சேதி போவல, அதாக்கும் காரியம்" என்பார். முதலில் பேட்டரி, அடுத்து பியூஸ், அடுத்து எர்த், பிறகு ஸ்கேனர். கடைசியில் ஒவ்வொரு வயராக ஆட்டி ஆட்டி மீட்டரைப் பார்ப்பார். எந்த இடத்தை ஆட்டும்போது எண் குதிக்கிறதோ, அங்கே பழுது. கண்டுபிடித்த பழுதைச் சாப்பாட்டு நேரத்தில் குளோரிக்கு விளக்குவார். விளக்கி முடிப்பதற்குள் சோறும் ஆறும், குழம்பும் ஆறும்.

அன்றும் அதே முறைதான். பேட்டரி சரி. பியூஸ் சரி. எர்த் சரி. கியர் லீவர் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லவேண்டிய சுவிட்சிடமிருந்து தகவல் வரவில்லை என்றது ஸ்கேனர். தகவல் வராததால் காரின் கம்ப்யூட்டர் பயந்துபோய் வண்டியை ஒரே கியரில் கட்டிப்போட்டிருக்கிறது. சிலுவைதாசன் சீட்டுகளுக்கு நடுவில் ஓடிய வயரை ஆட்டினார். மீட்டரில் எண் குதித்தது.

"கிட்டிப்போச்சு!" என்று கத்தினார். லீவரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் மூடியை நெம்பித் திறந்தார்.

உள்ளே, வயர்கள் ஒன்றுகூடும் சாக்கெட்டில் பச்சைப்பசேலென்று களிம்பு. உப்புத்தண்ணீர் இறங்கிப் பூத்த களிம்பு. சின்னக் கம்பிமுனை ஒன்று அரித்து அறுந்தே போயிருந்தது. கூடவே ஒரு மணம் எழுந்து வந்தது. தேங்காய்ப்பட்டணத்துக்காரனுக்கு அந்த மணத்தை அறிய ஸ்கேனர் தேவையில்லை.

"என்ன கிட்டிச்சு?" வாசலில் நின்ற குளோரி கேட்டார்.

மூடி படாரென்று அடைபட்டது.

"ஒண்ணும் கிட்டல."

"கிட்டிப்போச்சுன்னு சத்தம் போட்டிய?"

"அது எனக்க ஸ்பேனரு. காலையில இருந்து தேடிட்டு இருந்தேன்."

சிலுவைதாசன் மூடியின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு யோசித்தார். களிம்பு வெளியே வந்தால் மீன் வெளியே வரும். மீன் வந்தால் அந்த ஒரே ஒரு அழகான வார்த்தை செத்துப்போகும். எரியாத அடுப்பை அணைத்துக்கொண்டு நின்ற குளோரியின் முதுகு அவர் கண்முன் வந்தது. பழுது பார்க்கத் தெரியாதவன் என்று ஊர் சொன்னாலும் சொல்லட்டும். தன்னிடம் பொய் சொன்ன புருசன் என்று குளோரி நினைக்கக்கூடாது. அப்படித் தீர்மானித்தவர், அதை நிறைவேற்றுவதற்காகப் பொய் சொல்லத் தொடங்கினார்.

"எலியாக்கும்" என்றார் மறுநாள்.

"கடிச்ச வயரக் காட்டுங்க."

"கடிக்கல்ல. மேல நடந்திருக்கு."

"எலி நடந்தா கியரு விழாதா?"

"சின்ன எலின்னா விழும். இது பெருச்சாளி."

அடுத்த நாள் எலி போய் மழை வந்தது.

"மழைத்தண்ணி எறங்கியிருக்கு, பாத்துக்கோ."

"மழை பெஞ்சு எவ்வளவு காலமாச்சு? கெணறே வத்திக் கெடக்கு."

"இது பழைய மழை."

அதற்கடுத்த நாள் பழைய ஓனர். "வண்டிய முன்னால வச்சிருந்த ஆளுக்குக் கியரு போடவே தெரியாது. முரட்டுக் கை."

"ஒரு கன்னியாஸ்திரி பைய ஓட்டின வண்டின்னு சொல்லித்தானே வாங்குனிய?"

சிலுவைதாசன் பழைய ஓனரை அத்தோடு விட்டுவிட்டார். ஒரு கன்னியாஸ்திரிமேல் பழிபோட அவர் மனம் ஒப்பவில்லை. தன்மேல் போடுவதற்கும் ஒப்பவில்லை, அது வேறு விசயம்.

புது சாக்கெட்டுக்குத் திருவனந்தபுரத்தில் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தார். அது வந்தபாடில்லை. குளோரி பஸ்ஸில் ஏற விரலை ஊன்றும்போது முகம் சுளிப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பைப் போட்டுவிட்டு ஸ்கூட்டரில் வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்கினார். ஒவ்வொரு வேகத்தடை வரும்போதும், "மக்கா, பிடிச்சுக்கோ" என்றார். குளோரி பிடித்துக்கொண்டார். தடை தாண்டியும் விடவில்லை. அது சிலுவைதாசனின் குற்ற உணர்ச்சியை இன்னும் கிண்டிவிட்டது.

சனிக்கிழமை காலை குளோரி இரண்டு டம்ளர் சாயாவோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"உங்களால முடியலேன்னா வருத்தப்படண்டாம். மார்த்தாண்டம் ஷிபு இருக்கான்லா? அவன ஒருக்கா வந்து பாக்கச் சொல்லுவோம். மத்தியானத்துக்கு வருவான்."

சிலுவைதாசன் சாயாவைக் குடிக்காமல் கீழே வைத்தார். ஷிபு அவருக்குப் போட்டியாகக் கடை போட்டவன். பழுதைக் கண்டுபிடிப்பதோடு நிற்கமாட்டான். வீடியோ எடுத்துப் போடுவான். 'நண்பர்களே, இன்னைக்கு நம்மகிட்ட வந்திருக்கிறது ஒரு வித்தியாசமான கேஸ்' என்று தொடங்கி, மூடியைத் திறந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, களிம்புக்குக் கிட்டே கேமராவைக் கொண்டுபோவான். பொழுது சாய்வதற்குள் அன்பியம் வாட்ஸ்அப் குழுவுக்கு அது வந்து சேரும். முறைத்த புருசன்மார் அத்தனை பேரும் அதற்குக் கைதட்டும் பொம்மை போடுவார்கள். அதை எல்லாரோடும் சேர்ந்து குளோரி போனில் பார்ப்பார்.

போனில் பார்க்கக்கூடாது. தான் சொல்லித்தான் குளோரி கேட்கவேண்டும்.

"குளோரி."

"ம்."

"ஷிபு வரண்டாம். பழுது எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்." அவர் சாயாவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மீன்தண்ணியாக்கும். ஐஸ் உருகி எறங்கியிருக்கு. நான் கொண்டுவந்த மீனு. உனக்கு முன்னால அப்பிடியொரு வார்த்தையச் சொல்லிட்டு, பின்னால போயி ஒர்க்‌ஷாப்புல வச்சுப் பொரிச்சுத் தின்னேன். ஒவ்வொரு தடவையும் வெசனமாத்தான் இருக்கும். தின்னு முடிச்சப்பறம். முன்னால வரமாட்டேங்குது, என்ன செய்ய?"

குளோரி தன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன மீனு?"

"அயலை."

"நல்லமிளகு போட்டியளா?"

"போட்டேன்."

"கறிவேப்பிலை?"

"போட்டேன் குளோரி. எல்லாம் போட்டேன்."

குளோரியின் குரலில் கோபத்தைக் காணோம். சிலுவைதாசன் அதைக் கவனிக்கவில்லை. சொந்தப் பாவத்தை எண்ணத் தொடங்கிய ஆம்பிளை எதிரில் இருப்பவள் முகத்தை எங்கே பார்க்கிறான்?

"ஷிபுக்குப் போன் போட்டு வரண்டாம்னு சொல்லிரு."

"வரச்சொல்லியிருந்தாத்தானே வரண்டாம்னு சொல்ல?"

சிலுவைதாசன் தலையை நிமிர்த்தினார்.

"அப்பம் உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"இத்தன வருசமா ஒவ்வொரு பழுதையும் சோத்துல பெசஞ்சு எனக்கு ஊட்டின மனுசன். இந்த ஒரு பழுதப் பத்தி மட்டும் மிண்டாம, குனிஞ்ச தல நிமிராமத் தின்னுட்டு எழும்பிப் போறிய. எந்த வயரு அறுந்திருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் மறுபடி தலை குனிந்துகொண்டார். தீர்ப்பு வந்தது.

"இனி ஒளிச்சுத் திங்கண்டாம். வீட்டுக்கே கொண்டு வாருங்க. நீங்கதான் வாங்கணும், நீங்கதான் வெட்டிக் கழுவணும், நீங்கதான் கறி வைக்கணும்."

"உனக்க முன்னால வச்சு நான் எப்பிடி மக்கா திங்க?"

"நானும் திம்பேன். சாளையும் நெத்தோலியும் மட்டும் வேண்டாம், மத்தது கொஞ்சம் தின்னலாம்னு டாக்டர் போன மாசமே சொல்லியாச்சு."

"போன மாசமா? எனட்ட ஏன் சொல்லல?"

குளோரி முதல்முறையாகக் கண்ணைத் தாழ்த்தினார். டம்ளரின் விளிம்பை விரலால் துடைத்தார்.

"நீங்க எனக்காவ வாயக் கட்டிட்டு இருக்கது பாக்க நல்லா இருந்து. சொன்னா அது தீந்துபோவும்லா. இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டும்னு விட்டேன்."

சிலுவைதாசன் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். தான் துறைமுகத்துக்கும் ஒர்க்‌ஷாப்புக்குமாக டெஸ்ட் ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது, இங்கே ஒரு மனுசி அனுமதி கிடைத்த பிறகும் மோர்ச்சோறு தின்றுகொண்டிருந்திருக்கிறாள். அவர் கை நீண்டு குளோரியின் கையைப் பிடித்தது.

"அப்பம் தின்னலாம்னு சொன்னப்பறமும், எனக்காவ நீ ஒரு மாசமா மீன் தொடாமலா இருந்தே?"

குளோரி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு இரண்டு டம்ளரையும் எடுத்தார். அடுக்களை வாசல்வரை போனார். திரும்பாமலே சொன்னார்.

"பாலிசி எடுக்குத வீட்டுலெல்லாம் அன்பா ஒரு பை மீனு தந்து விடுதாவ. அத வண்டியில வச்சு எனக்க கூட்டுக்காரி ஜெஸ்மி வீட்டுக்குக் கொண்டுபோயித்தான் ரெண்டுபேரும் கறி வச்சுத் திம்போம். அந்தக் களிம்புல பாதி எனக்கதாக்கும்."