எங்கள் பிரிவு பச்சையான விதம்

மாவட்டக் கூட்டத்தில் தொங்கவிடப்பட்ட வரைபடத்தில் எங்கள் பிரிவு சிவப்பாக இருந்தது. எந்தப் பிரிவு என்று கேட்காதீர்கள். பரந்தனிலிருந்து தர்மபுரம் போகிற வழியில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் அழுத்திக் கேட்டால் பக்கத்துப் பிரிவு என்று சொல்லிவிடுவோம். நாங்கள் அப்படிப்பட்ட ஆட்கள்.

சிவப்பு என்றால் இளவயதுக் கர்ப்பம் கூடின இடம். மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டிய இடம். பச்சை என்றால் மேலிடம் கேள்வி கேட்காத இடம். சுற்றிவரப் பச்சையாக இருக்க, நடுவில் எங்கள் பிரிவு மட்டும் சிவந்துபோய்க் கிடந்ததைப் பார்த்த பிரதேச அலுவலகத் தலைவி பிரேமிளா மேடத்துக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. திரும்பி வந்த கையோடு, 'இளவயதுக் கர்ப்பத் தடுப்புக்கான விசேட இணைப்புக் குழு' என்று ஒன்றை நிறுவி, யோகநாதனைச் செயலாளராக்கினார். ஒருவர் மனமும் நோகாமல் எதையும் எழுதக்கூடியவர் என்று யோகநாதனுக்கு அலுவலகத்தில் நல்ல பெயர்.

அவருக்கு ஒரேயொரு இடைஞ்சல் இருந்தது. குழுவின் பெயரில் உள்ள அந்தச் சொல் அவருடைய வாயில் வராது. பேசும்போது "அந்த விசயம்" என்பார். அறிக்கையில் 'மேற்படி விடயம்' என்று எழுதுவார். இதனால், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் வீரபாகு முதல் இரண்டு கூட்டமும் மேற்படி விடயம் என்பது யானை வேலி என்றே நினைத்துக் கதைத்தார். எல்லையில் லைற் பூட்ட வேண்டும், இருட்டினால் காவலுக்கு ஆள் போட வேண்டும், கண்டால் வெடி கொளுத்த வேண்டும் என்று அவர் சொன்ன யோசனைகள் எல்லாம் பொருத்தமாகவே இருந்தபடியால் குழு அவற்றை ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது கூட்டத்தில் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது.

"போன்தான் காரணம்," என்றார் மேடம், தன் போனிலிருந்து தலையை எடுக்காமல்.

"போனும்தான் மேடம்," என்றார் யோகநாதன். "ஆனால் எங்கட ஆக்களுக்குள்ள இது இல்லைப் பாருங்கோ. மலையகத்தாலை வந்து குடியிருக்கிற சனத்துக்குள்ளதான் கூட."

"சேர், நானும் அந்தச் சனம்தான்," என்றார் வீரபாகு மெதுவாக. "எங்கட பக்கம் இல்லை. வாய்க்கால் கரையில, யாழ்ப்பாணத்தாலை வந்து காணி எடுத்த ஆக்களுக்குள்ளதான் எண்டு கேள்வி."

வாய்க்கால் கரையில்தான் யோகநாதனின் வீடு. பிறகு, பக்கத்துப் பிரிவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற பொடியன்களே காரணம் என்று ஒருவர் சொல்ல, இருவர் முகமும் மலர்ந்தது. கோயில் திருவிழாவில்கூட ஒத்துப்போகாத இரண்டு பகுதியாரும் ஒருமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம் அதுதான்.

யோகநாதனுக்குப் பதினோராம் ஆண்டு படிக்கிற மகள் இருந்தாள், பெயர் கிருசாந்தி. அவளுக்குச் சாமத்தியவீடு செய்தபோது பரந்தன் சந்தியில் வீட்டுக் கூரை அளவுக்குப் பதாகை கட்டினார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நாற்பது வயது அலங்காரம் செய்து, புகை போட்டு, மேலே ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். அவள் பெரிய பிள்ளையான செய்தி ஏ-ஒன்பது வீதியால் போன லொறிக்காரருக்கெல்லாம் தெரிந்தது. அப்படியென்றால் என்ன என்று அவளுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

அவளுடைய பள்ளிக்கூடத்தில் சுகாதாரம் படிப்பிப்பவர் வேறு யாருமில்லை, அவளுடைய தாய் கமலாசனிதான். புத்தகத்தில் அந்தப் பாடம் வந்தபோது கமலாசனி ரீச்சர் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, "இதைப் பிள்ளையள் வீட்டில வாசியுங்கோ" என்றார். கிருசாந்தி வீட்டுக்கு வந்து, "அம்மா, அந்தப் பாடத்தில ஒண்டு விளங்கேல்லை" என்றாள்.

"பள்ளிக்கூட விசயத்தை வீட்டுக்குக் கொண்டு வராதை."

"நீங்கள்தானே வீட்டில வாசிக்கச் சொன்னனீங்கள்?"

"அது வகுப்பில சொன்னது. இஞ்சை நான் ரீச்சரில்லை. அப்பாவைக் கேள்."

அப்பா அப்போது 'வளரிளம் பருவத்தினருடன் மனந்திறந்து உரையாடல்' என்ற தலைப்பில் கருத்தரங்குக்கு அழைப்பிதழ் எழுதிக்கொண்டிருந்தார். "பிள்ளை, வேலையா இருக்கிறன்" என்றார்.

கருத்தரங்கு மிகச் சிறப்பாக நடந்தது. கொழும்பிலிருந்து விளக்கம் சொல்லச் சுகிர்தன் என்ற வளவாளர் வந்தார். இந்தக் காலத்தில் வளவாளர் இல்லாமல் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. பல் விளக்குவதற்கும் ஒருவரைக் கூப்பிட்டுத்தான் கைதட்டுவோம். 'விழித்தெழு' என்று எழுதிய ரீ-சேட்டை எல்லாருக்கும் கொடுத்தார்கள். மேடம் அதைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு படம் எடுத்தார். பாடசாலை மாணவிகள் வரவேற்பு நடனம் ஆடினார்கள். ஆடி முடித்ததும், வயதுக்கு ஒவ்வாத விடயங்கள் பேசப்படவுள்ளதால் பிள்ளைகள் தயவுசெய்து மண்டபத்தின் பின்பக்கம் போய் ரோல்ஸ் சாப்பிடும்படி யோகநாதன் ஒலிவாங்கியில் கேட்டுக்கொண்டார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே இருந்தவர்களில் ஆக இளையவர் மூட்டு வலிக்காக முன்வரிசையில் கால் நீட்டி இருந்தார்.

வளவாளர் முதலாவது படத்தைத் திரையில் போட்டார்.

"இது வேண்டாம், அடுத்ததுக்குப் போங்கோ," என்றார் மேடம்.

அடுத்த படம் வந்தது.

"இதுவும் வேண்டாம். பெரியாக்கள் இருக்கினம்."

இப்படிப் போய்ப் போய்க் கடைசிப் படம் வந்தது. அதில் 'நன்றி' என்று மட்டும் இருந்தது. அதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லாததால் எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள்.

பின்பக்கம் பிள்ளைகளைப் பார்க்கப் போன யோகநாதனைக் கிருசாந்தி தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, லக்சிகாவுக்கு மூண்டு மாசமாம்."

"என்ன மூண்டு மாசம்?"

"மேற்படி விடயம் அப்பா."

லக்சிகா வகுப்பில் கிருசாந்தியோடு ஒரே வாங்கில் இருக்கிற பிள்ளை. பதினாறு முடிந்து சில மாதம்தான். அவருடைய வீட்டில் எத்தனையோ நாள் சோறு தின்றவள், அவரை அப்பா என்றே கூப்பிடுகிறவள்.

"அவளின்ர அம்மா குவைத்தில. மாமி காலமை வயலுக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவா. அவள் ஆரிட்டப் போறது? நீங்கள்தானே செயலாளர், சொல்லுங்கோ."

மூன்று கூட்டமாகத் தேடிய காரணத்தை அந்தப் பிள்ளை இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டது. செயலாளரோ, யாரிடம் போவது என்று தனக்கும் தெரியாது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார். உள்ளே ஓடினார். சாப்பாட்டு மேசையில் சகல திணைக்களங்களும் இருந்தன. சுகாதாரத்திலிருந்து வந்தவர், பள்ளிக்கூடப் பிள்ளையாதலால் இது கல்விக்குரியது என்றார். கல்வியிலிருந்து வந்தவர், பள்ளிக்கூட நேரத்துக்குப் பிறகு நடந்தது என்றபடியால் தங்களுக்கு உரியதல்ல என்றார். பொடியன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்கு வரைபடத்தில் நிறமில்லை.

"கிளினிக்கில பதிஞ்சாச்சோ?" என்று கேட்டார் மேடம்.

"இன்னும் இல்லை மேடம்."

மேடத்தின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக வெளிச்சம் வந்தது. "பதியேல்லை எண்டால் இன்னும் நடக்கேல்லை. எங்கை பதியினமோ அங்கைதான் கணக்கு. அந்தப் பிள்ளைக்கு வேற பிரிவில சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?"

வீரபாகுவுக்குத் தெரிந்திருந்தது. "நெடுங்கேணிப் பக்கம் ஒரு பெரியம்மா இருக்கிறா."

"பதினோராம் ஆண்டுச் சோதனை வருது மேடம். அவள் கெட்டிக்காரப் பிள்ளை," என்றார் யோகநாதன். தன் வாழ்நாளில் மேலதிகாரிக்கு மறுத்துச் சொன்ன ஒரேயொரு தடவை அதுதான்.

"அப்ப உங்கட வீட்டு விலாசத்தில பதிவம். செயலாளற்ற வீட்டிலயே ஒண்டு எண்டு வரும். பரவாயில்லையோ?"

யோகநாதன் கையிலிருந்த ரோல்ஸைப் பார்த்தார். பிறகு, "பெரியம்மா நல்ல மனிசியெண்டுதான் கேள்வி" என்றார். இந்த இடத்தில் எங்களுக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த மேசையில் நாங்கள் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

திங்கட்கிழமை காலை லக்சிகாவைப் பஸ் ஏற்றினார்கள். அதே கிழமை வேறொரு பிரிவிலிருந்து இதே விதமாக அனுப்பப்பட்ட பிள்ளையொன்று பரந்தன் சந்தியில் வந்து இறங்கியது. அதன் வயது, பெயர், ஊர் ஒன்றையும் கேட்காமல் மேடம் அடுத்த பஸ்ஸிலேயே அப்பால் அனுப்பிவைத்தார். நிபுணர்கள் பிறகு வந்து, மேற்படி விடயம் இப்பகுதியில் இடத்துக்கு இடம் நகர்கிறது என்று ஆராய்ந்து எழுதினார்கள். பஸ்ஸில்தான் நகர்கிறது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆண்டு முடிவில் எங்கள் பிரிவு பச்சையானது. மாவட்டத்தில் கேடயம் கொடுத்தார்கள். ஒரு கிழமைக்கு வீட்டில் வைத்திருக்கும்படி மேடமே அதை யோகநாதனிடம் தந்தார். வீட்டுக்கு வந்தபோது கிருசாந்தி முற்றத்தில் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆர் பிள்ளை?"

"லக்சிகா. பொம்பிளைப்பிள்ளையாம். அவளைச் சோதனை எழுத விடேல்லை."

யோகநாதன் கேடயத்தை மற்றக் கைக்கு மாற்றினார். "சுகமா இருக்கிறாளோ?" என்றார்.

"ஓம். கிளினிக்கில நல்ல மாதிரிப் பாத்தவையாம். எல்லாத்தையும் படம் போட்டு விளங்கப்படுத்தினவையாம். எங்கட வகுப்புப் பிள்ளையள் எல்லாரும் இப்ப அவளுக்குத்தான் கோல் எடுத்துக் கேக்கிறம்."

"என்னத்தைக் கேக்கிறனியள்?"

"உங்களிட்டயும் அம்மாவிட்டயும் கேட்டதுகளைத்தான்," என்றாள் கிருசாந்தி. அவள் குரலில் கோபமில்லை. "கேட்டால் மறுமொழி சொல்லுற ஒரேயொரு வளவாளர் அவள்தான் அப்பா. அவளையும் பஸ் ஏத்தி விட்டிட்டியள்."