ஐம்பது வாட்டை இருபத்தைந்தாக்கிய வாய்

ஹட்டன் ரேடியோ கடைக்காரர் ராசிக்கின் காதில் என் பலவீனத்தைப் போட்டுக் கொடுத்த ஆள் யார்? பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஆள் கையால்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன்.

யார் எதைச் சொன்னாலும் பேரம் பேசிப் பாதிக்கு வெட்டுவேன். லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை சுமந்தவன் சொந்தமாக ஒலிபெருக்கி செட் வைத்தது இந்த வாயால்தான்.

போன வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் ராசிக் சொன்னார்: "அண்ணே, உங்க ஆம்ப்ளிஃபயர்ல ஐந்நூறு வோல்ட் ஓடுது. நிறுத்தின பிறகும் கண்டென்சர்ல கரண்டு தங்கும். அதை வடிக்க ப்ளீடர் ரெசிஸ்டர் ஒன்னு போடுங்க. அதுல பத்து வாட் சூடு எப்பவும் கிடக்கும். இருபத்தஞ்சு வாட் தாங்குறதா வேணும்."

"பத்து வாட் சூட்டுக்குப் பத்து வாட் போதும். குடுய்யா."

கண்டென்சரோடு ஒட்டி மாட்டினேன். திருவிழா நடுவில் அது வெந்து அறுந்தது. செட்டை நிறுத்திவிட்டுத்தான் கைவைத்தேன். உள்ளே தங்கிய கரண்டு அடித்து மூன்று படி தள்ளி விழுந்தேன். சாமி பாட்டில்லாமல் ஊர்வலம் போனது. மறுபடியும் இப்படியானால் வேறு செட் பிடிப்போம் என்றார் கோயில் தலைவர் வீரய்யா.

இந்த வருஷம் ராசிக் ஐம்பது வாட் என்றார்.

"ஏன்யா, நான் ரெசிஸ்டர் கேட்டேனா, அடுப்பு கேட்டேனா?"

"ஐம்பதுக்குக் கீழ வேணாம்ண்ணே."

"இருபத்தஞ்சு. இல்லேன்னா கெளம்புறேன்."

பெருமூச்சு விட்டுக் கொடுத்தார். "தகட்டுக்கு மேல, காத்துப் படுற மாதிரி நிமிர்த்தி வைங்க. கண்டென்சருக்கும் அதுக்கும் எட்டு அங்குலம் இருக்கணும்."

"நாலு."

அதற்கும் ஒரு பெருமூச்சு.

திருவிழா மூன்று நாளும் செட் பாடியது. கடைசியில் நிறுத்தி, ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுப் பார்த்தேன். ஒரு பொறிகூட இல்லை, கரண்டு வடிந்திருந்தது. வீரய்யா மாலை போட்டார். மாலையோடு நிற்கிறேன், பாட்டுக் கேட்க வந்திருந்த ராசிக் என் வீட்டுக்காரியிடம் சொல்கிறார்: "அக்கா, நீங்க சொன்ன மாதிரியே எல்லாத்தையும் ரெண்டு மடங்கா சொன்னேன். கரெக்டா பாதிக்கு வந்துட்டாரு."

"அடியே, என்ன இது?"

"உள்ளதைச் சொன்னா அதுலயும் பாதி வெட்டுவீங்க. போன வருஷம் உங்களைத் தூக்கினது நான்தாங்க."

இருக்கட்டும். ஐம்பதை இருபத்தைந்தாக்கியது என் வாய். வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தார் முன்னால் 'பேரத்துல ஜெயிச்சது நீங்கதான்' என்று அவள் சொல்லியாகணும் என்று நின்றேன்.

"பாதி சொல்றேன்" என்றாள்.

ஒத்துக்கொண்டேன். லயத்தையே கூட்டி வைத்தேன். "பேரத்துல ஜெயிச்சது" என்றாள். ரொட்டி சுடப் போய்விட்டாள்.

மீதிப் பாதியை அந்த ஆள் இன்றைக்காவது வந்து சொல்லித் தீர்க்கட்டும்.