மேசை சார்

அறுபதுகளில் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் மேசை சாரைப் போல வீடு மாற்றியவர் யாருமில்லை. உண்மையில் அவர் வீடு மாற்றியதே இல்லை. மேசை மட்டும்தான் போய்வந்துகொண்டிருந்தது.

நீதிமன்றம் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி அவர். சைக்கிள் திருடி மாட்டிக்கொண்ட என் அண்ணன் சேகருக்காக எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குள் அப்பா அண்ணனோடு பேசி ஏழு மாதமாகியிருந்தது. "சோறு வேணுமான்னு அவனைக் கேளு" என்று அம்மாவிடம் சொல்வார். அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான்.

"இவன் எனக்கு வேணாம் சார். பையன்களை அடைச்சு வச்சுத் திருத்துற ஹோமுக்கே அனுப்பிடுங்க, கையெழுத்து போடுறேன்" என்றார் அப்பா. அம்மா கதவுக்குப் பின்னால் அழுதாள்.

"இருக்கிறது மூணு வழி, அண்ணே. ஹோம், சொந்த ஊருக்குக் கப்பல் ஏத்துறது, இல்லாட்டி வீடு. மூணாவதுக்குத்தான் ஆள் கிடைக்க மாட்டேங்குது" என்றார் சார். பிறகு, "அது இருக்கட்டும். எனக்கு முதுகுவலி. என் வீட்டு மேசையை நோரிஸ் ரோட்டுல என் கூட்டாளி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும். நீங்களும் சேகர் தம்பியும் வருவீங்களா?"

அதிகாரி கேட்டால் எப்படி மறுப்பது? அந்தச் சனிக்கிழமை முன்பக்கம் அப்பா, பின்பக்கம் அண்ணன். அடிக்கடி கழன்று விழும் இழுப்பறை என் கையில். அதற்குள்ளே பென்சிலால் 'முரளி' என்று கோணலாக எழுதியிருந்தது. யாரென்று கேட்க எனக்குக் கூச்சம்.

சார் குடையை உயர்த்திக்கொண்டு, "தேர் வருது, வழி விடுங்க!" என்று முன்னால் நடந்தார்.

"என்ன சார், வீட்டுக்காரம்மா துரத்திட்டாங்களா லா?" என்று கச்சான் பூத்தே கடலை விற்பவர் கத்தினார்.

"மேசையைத்தான் துரத்தினாங்க!"

அடுத்த சனிக்கிழமை கூட்டாளி வீட்டில் இடமில்லையாம். மேசை திரும்பி வந்தது. அதற்கடுத்த வாரம் இடம் வந்துவிட்டதாம். இரண்டு பேரும் வாய் திறக்காமல் தூக்கியதில் மேசை ஒரு விளக்குக் கம்பத்தை முட்டியது, ஒரு பால்மாட்டைக் கோபப்படுத்தியது.

ஐந்தாவது வாரம் மழை. மேசையின் முன்பக்கத்தைப் பிடித்துப் பின்னோக்கி நடந்துகொண்டிருந்த அப்பாவின் கால் சாக்கடையை நெருங்கியது.

"அப்பா! லோங்காங்! இடது பக்கம் வாங்க!"

அப்பா நின்றார். "எனக்கு இடதா, உனக்கு இடதாடா?"

"உங்களுக்குப்பா."

சார் சட்டென்று குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். நனைந்தது அவர் முதுகுதான்.

அண்ணன் ஹோமுக்குப் போகவில்லை. கண்காணிப்பு முடிந்த நாளில் மேசை, கடைசியாகச் சார் இறக்கிவைக்கச் சொன்ன எங்கள் வீட்டில் இருந்தது. எப்போது எடுத்துப்போவீர்கள் என்று அப்பா கேட்டார்.

"இங்கேயே இருக்கட்டும், அண்ணே. என் பையன் படிக்க வாங்கினது. அடங்க மாட்டேங்கிறான்னு நானே கையெழுத்து போட்டு ஹோம்ல விட்டேன். வெளியே வந்தவன் வீட்டுக்கு வரலை. கப்பல்ல வேலைக்குப் போயிட்டான்னு சொன்னாங்க." சிரிக்கப் பார்த்தார். "ஒத்தை ஆளா இதை நகர்த்த முடியலை."

அதன் பிறகு அவர் வேறு வட்டாரத்துக்கு மாற்றலாகிப் போனார். அப்பாவும் காலமாகிவிட்டார். மேசை இப்போது தோ பாயோவில் என் வீட்டில் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறேன். இழுப்பறையின் உள்ளே மட்டும் துணி படாமல் பார்த்துக்கொள்கிறேன்.