புதியாப்பிளையின் கருத்துச் சுதந்திரம்

இந்த உலகக் கோப்பைக்கு வாசல் மதிலில் அர்ஜென்டினாதான். சனிக்கிழமை காலை பல் துலக்கும்போதே இம்பிச்சிக்கோயா முடிவு செய்துவிட்டார். பிரேசில் என்ற பேச்சே இந்த வீட்டில் எழக்கூடாது.

வீடு மனைவி சுஹறாபியுடையது. கோழிக்கோட்டுக் கடற்கரையில் எங்கள் கோயா குடும்பங்களில் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வருவான். வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். வந்தவனுக்குப் 'புதியாப்பிள' என்று பெயர். தலை நரைத்து, மகள் காலேஜுக்குப் போகிற காலத்திலும் இம்பிச்சிக்கோயா புதியாப்பிளதான். மீனில் நடுத்துண்டு அவருக்கு. அரிசிமாவு ரொட்டி பத்திரியில் சூடானது அவருக்கு. ராஜ உபசாரம். ராஜ்ஜியம் மட்டும் கிடையாது.

ஆனால் மதில் வேண்டும். கடற்கரை வளைவில் ஊரே பார்க்கும் மதில். அவரோ அர்ஜென்டினா ரசிகர் கமிட்டியின் தலைவர். சுஹறாபி பிறந்ததிலிருந்து பிரேசில். போன உலகக் கோப்பையில் சண்டை முற்றி, கடைசியில் ராசியாகி, மதிலை வெறுமனே விட்டார்கள். டீக்கடையில் அந்த மாதம் முழுக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். பொண்டாட்டி வீட்டு மதிலில் ஒரு கொடி நட முடியாத தலைவர் என்று அவர் காதுபடவே பேசினார்கள்.

சாயாவோடு சண்டை ஆரம்பித்தது. பிரேசில் ஆடுவது பந்தா, கூத்தா என்றார் இவர். அர்ஜென்டினாக்காரர்கள் கீழே விழுவதற்கே தனியாகப் பயிற்சி எடுக்கிறார்கள் என்றாள் அவள். நடுவில் மகள் நஸ்ரின் ஜெர்மனி என்று வாயெடுத்ததும் இருவரும் சேர்ந்து அவளைத் திட்டினார்கள். அன்றைய ஒற்றுமை அத்தோடு சரி.

"ஒரு வீட்டுக்கு ஒரு கருத்துதான் இருக்கணும். ஆளாளுக்கு ஒண்ணு பேசினா அது வீடா, சந்தையா?" என்று இம்பிச்சிக்கோயா தீர்ப்புச் சொன்னார்.

சுஹறாபி காலிக் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டு மனிதர் இன்னொரு பத்திரி சாப்பிட்டார்.

மதியம் ஒரு வதந்தி வந்தது. வீட்டு மதிலில் இருந்தாலும் சரி, கால்பந்துப் பேனரையெல்லாம் எடுக்கச் சொல்லி உத்தரவு வரப்போகிறதாம். எங்கள் ஊரில் கூட்டம் போடாமல் ஒரு கொசுவைக்கூட அடிக்க மாட்டார்கள். எல்லா அணி ரசிகர்களும் பகையை மறந்து, ஞாயிறு மாலை வாசகசாலையில் கண்டனக் கூட்டம் என்று அறிவித்தார்கள். தலைப்பு, 'பந்தும் கருத்துச் சுதந்திரமும்'. பேச்சாளர் யார் என்று கேட்கவும் வேண்டுமா?

இம்பிச்சிக்கோயா உரையைத் தயாரித்து மனைவிக்குப் படித்துக் காட்டினார். மக்களின் உணர்வு, மண்ணின் மரபு என்று போய்க்கொண்டிருந்தது.

"சப்புன்னு இருக்கு," என்றாள் சுஹறாபி, மீன் கழுவிக்கொண்டே. "சட்டமாப் பேசுங்க. மதில் யாருதோ, அதுல என்ன எழுதணும்னு சொல்ற உரிமையும் அவங்களுக்குத்தான். இப்படிப் போடுங்க."

அவர் அசந்துபோனார். "உனக்குள்ள இவ்வளவு இருக்கா?"

"எல்லாம் உங்ககூட இருந்து வந்ததுதான்."

ஞாயிறு மாலை தலைவலி என்று அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். வாசகசாலை நிரம்பி வழிந்தது. அந்த வாக்கியத்தை அவர் முழங்கியதும் கைதட்டல் எழுந்தது. பெண்கள் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே எழுந்தது. அது அவர் தலைக்கு ஏறிவிட்டது. எழுதி வராததையும் சேர்த்துப் பேசினார்:

"அதிகாரி ஆனாலும் சரி, கட்டின புருஷனே ஆனாலும் சரி, அடுத்தவங்க மதில்ல கைவைக்க ஒருத்தனுக்கும் உரிமை இல்ல!"

பெண்கள் எழுந்து நின்றே தட்டினார்கள். நஸ்ரின் அதைப் படம்பிடித்து அனுப்பிவிட்டாள். அவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் போனிலும் அவர் முழங்கிக்கொண்டிருந்தார்.

தோளில் பொன்னாடையோடு வந்தவர் கடற்கரை வளைவில் அப்படியே நின்றுவிட்டார். மதில் முழுக்க மஞ்சள். சுற்றிலும் பச்சைக் கரை. நடுவில் பிரேசில். கீழே கொட்டை எழுத்தில் அவர் பேசிய வாக்கியம், புருஷன் உள்பட. அதன் அடியில் அவர் பெயர். கடைசி எழுத்துக்கு ஏணிமேல் நின்று சுஹறாபி சுழி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன இது, சுஹறா?"

"உங்க கருத்துதான். ஒரு எழுத்து மாத்தல."

"அப்ப எனக்குச் சுதந்திரம் இல்லையா?"

"தாராளமா இருக்கே. உங்க மதில்ல எழுதிக்கங்க."

அவருக்கு ஏது மதில்? பிறந்த வீடு உம்மாவுக்குப் பிறகு தங்கை கதீசாவுக்குப் போய்விட்டது. ஆனால் அங்கே மச்சானும் அர்ஜென்டினாதான். நேற்றுத்தான் பெரிய பேனராகக் கட்டியிருந்தார். பக்கத்தில் ஓர் ஓரமாவது கிடைக்காதா? அவசரமாகத் தங்கைக்குப் போன் போட்டார்.

"காக்கா, உங்க பேச்சைக் கேட்டு எனக்குக் கண்ணே கலங்கிருச்சு," என்றாள் கதீசா. "அந்தத் தைரியத்துலதான் இப்ப அவரோட அர்ஜென்டினாவைக் கழட்டி வீசிட்டு நான் போர்ச்சுக்கல் கட்டிக்கிட்டிருக்கேன்."