கோல்கீப்பர் கையெழுத்து

“பாய், உங்களுக்கு ஒரு தபால். உள்ள அட்டை மாதிரி கெட்டியா இருக்கு.”

தபால்காரம்மா குந்தவை இதைச் சொன்னது தெருவின் அந்தப் பக்கம், சித்தீக்கின் மாட்டுத் தீவனக் கடை வாசலில். இந்தப் பக்கம் அச்சகத்தில் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் ‘கெட்டியா’ என்ற சொல் அமிர்தலிங்கத்தின் காதில் தெளிவாக விழுந்தது. மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார்.

அதற்குள் சித்தீக்கே ஓடி வந்துவிட்டார்.

“லிங்கம்! பரிதி கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டான்டா!”

அமிர்தலிங்கம் அட்டையை வாங்கிப் பார்த்தார். அதை அட்டை என்று சொல்வதே அதிகம். பிஸ்கட் பெட்டியைக் கத்தரித்து, அதன் மேல் செய்தித்தாளில் வந்த படத்தைப் பசை தடவி ஒட்டியிருந்தார் சித்தீக். ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் பாதி பிஸ்கட்டின் படம். அந்த அலங்கோலத்தின் நடுவே, நீல மையில், இந்திய அணியின் கோல்கீப்பர் பரிதியின் கையெழுத்து பளிச்சென்று நின்றது. கீழே ‘அன்புடன்’ என்று வேறு இருந்தது.

“நல்லா இருக்கு,” என்றார் அமிர்தலிங்கம். வேப்பங்காயைக் கடித்தவர் போல முகம் இருந்தது.

ஒரத்தநாடு கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அமிர்தலிங்கமும் சித்தீக்கும் பள்ளிக்கூடத்து ஹாக்கி அணியில் ஒன்றாக ஆடியவர்கள். லிங்கம் கோல்கீப்பர். சித்தீக் பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டவர். வெளிநாடுகளில் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளை விற்கிறார்கள், ரசிகர்கள் அதைத் தபாலில் அனுப்பிக் கையெழுத்து வாங்கிச் சேர்க்கிறார்கள் என்று லிங்கம்தான் முதலில் கேள்விப்பட்டார். நம் ஊரில் ஹாக்கிக்கு யார் அட்டை போடப்போகிறார்கள்? சொந்த அச்சகம் இருக்கும்போது யார் போட வேண்டும்? முன்பக்கம் படம், பின்பக்கம் ஆட்டக்காரரின் விவரம் என்று தானே அடித்து, தபால்தலை ஒட்டிய பதில் உறையும் வைத்து அனுப்ப ஆரம்பித்தார். பழைய ஆட்டக்காரர்கள் பலர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அத்தனையும் ஆல்பத்தில் ஏறின. முதல் பக்கம் மட்டும் காலி. அது பரிதிக்கு. தன்னைப் போலவே கோல்கீப்பர், அதுவும் நம் கோவில்பட்டிப் பையன் என்று அந்த இடத்தில் வேறு யாரையும் வைக்கவில்லை.

அந்தப் பரிதிதான் மாதக்கணக்கில் மௌனம் சாதித்தான். போன மாதம் விளையாட்டாக இதில் இறங்கிய சித்தீக்குக்கு ‘அன்புடன்’!

“என்னங்க, சாப்பிடலையா?” என்றாள் மனைவி வள்ளியம்மை.

“பிஸ்கட் அட்டையிலயாடி கையெழுத்துப் போடுவாங்க?”

“அதுக்கும் சோத்துக்கும் என்னங்க சம்பந்தம்?”

அன்று மத்தியானமே அமிர்தலிங்கம் முடிவெடுத்தார். தான் முன்பு அனுப்பிய அட்டை போதாது. பெரிய ஆட்டக்காரனின் கண்ணில் நிற்கும்படி இருக்க வேண்டும். பணக்கார வீட்டுப் பத்திரிகைகளுக்கென்று வைத்திருந்த தடித்த ஆர்ட் பேப்பரை எடுத்தார். சுற்றிலும் மின்னும் தங்க ரேக்குத் தாளில் மாங்காய் பார்டர். பரிதியின் பெயரைப் புடைப்பெழுத்தில் கொடுத்தார். தடவினால் விரலில் நின்றது.

அனுப்பினார். பதில் வரவில்லை.

சித்தீக்குக்கு வந்தது.

“இன்னொண்ணு அனுப்பிப் பார்த்தேன்டா. போட்டுட்டான்! தங்கமான பையன்,” என்றார் சித்தீக். இந்த முறை அட்டை, மாட்டுக்குத் தாது உப்பு வரும் டப்பாவின் மேல்பக்கம். படத்தில் பரிதிக்கு ஒரு காது வெட்டுப்பட்டிருந்தது.

ஊர்த் தபால் மேல் அமிர்தலிங்கத்துக்குச் சந்தேகம் வந்தது. குந்தவையை நிறுத்திக் கேட்டார்.

“ஏம்மா, நான் போடுற தபாலெல்லாம் ஒழுங்காப் போகுதா?”

“போகாம, நான் என்ன சார் வீட்டுல வச்சு ஊறுகாயா போடுறேன்?”

கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அவர் பஸ் ஏறித் தஞ்சாவூர் போய், பெரிய தபால் நிலையத்தில் பதிவுத் தபாலாக இன்னொரு அட்டை அனுப்பினார். இம்முறை பளபளப்புப் பூச்சு, வெல்வெட் உறை. கிடைத்ததற்கு ஒப்புகை வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார். சில நாளில் ஒப்புகை திரும்பி வந்தது. அதில் ஒரு கையெழுத்து!

“வந்துடுச்சு வள்ளி! பரிதி கையெழுத்து!”

எதிர்க்கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். சித்தீக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன்னிடமிருந்த அட்டையோடு வைத்துப் பார்த்தார்.

“லிங்கம், இது வேற கையெழுத்தா இருக்கே. ஓரத்துல ‘வாட்ச்மேன்’னு போட்டிருக்குடா.”

இதனால் ஒன்று மட்டும் உறுதியாயிற்று. அட்டைகள் போய்ச் சேர்கின்றன. சேர்ந்தும் அந்தப் பையன் போடமாட்டேன் என்கிறான். இதுவரை சந்தேகமாக இருந்த அவமானம் இப்போது முத்திரை குத்தி வீட்டுக்கு வந்துவிட்டது.

அடுத்த அட்டையில் அமிர்தலிங்கம் தன் வித்தை முழுவதையும் இறக்கினார். வெளியே பார்த்தால் கோல் கம்பம். இரண்டு கதவாகத் திறந்தால், உள்ளே பரிதி இரண்டு கையையும் விரித்துப் பாய்ந்து நிற்பான். பின்னால் வலைக்கு நிஜமான நூல். ஒரு வாரம் அதே வேலையாக இருந்தார். ஆவணி முகூர்த்த நேரம். பத்திரிகைக்கு வந்தவர்களெல்லாம் காத்திருந்தார்கள். அவசரத்தில் அடித்ததில் ஒரு பிசகு நேர்ந்துவிட்டது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து பெண்ணின் தகப்பனார் வந்து, கட்டைத் தூக்கி மேசையில் போட்டார்.

“என்னங்க இது? பத்திரிகையோட பின்னாடி படிங்க!”

அமிர்தலிங்கம் படித்தார். முன்பக்கம் மணமகன், மணமகள், முகூர்த்தம் எல்லாம் சரியாக இருந்தன. திருப்பினால், ‘எதிராளிகள் எவ்வளவு முயன்றாலும் உள்ளே விடமாட்டார். பெனால்டியில் வல்லவர்’ என்று இருந்தது.

“மாப்பிள்ளை வீட்டுல கேக்கறாங்க, யாரை உள்ள விடமாட்டீங்கன்னு! நான் என்ன பதில் சொல்றது?”

எல்லாப் பத்திரிகையையும் மறுபடி அடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. வள்ளியம்மை இரண்டு நாள் பேசவில்லை.

அப்படிச் செய்த கோல் கம்ப அட்டையைத் தன் பெயரில் அனுப்ப அமிர்தலிங்கத்துக்குப் பயமாக இருந்தது. தன் பெயருக்குத்தான் ராசியில்லை. சித்தீக்கின் பெயரையும் விலாசத்தையும் எழுதி அனுப்பிவிட்டார். பதில் வந்தால்? அதற்கும் வழி யோசித்தார்.

“குந்தவை, பாய்க்கு ஏதாவது கெட்டியா வந்தா என்கிட்ட குடும்மா. நானே குடுத்துடறேன்.”

குந்தவை அவரை மேலும் கீழும் பார்த்தாள். “ஒருத்தர் தபாலை இன்னொருத்தர்கிட்ட குடுத்தா என் வேலை போயிடும் சார்.”

நேரே எதிர்க்கடைக்குப் போய் அதையும் சொல்லிவிட்டாள்.

சித்தீக் அன்று ஓடி வரவில்லை. மெதுவாக நடந்து வந்தார்.

“என் தபாலை ஏன்டா கேட்ட?”

அமிர்தலிங்கம் துணியை எடுத்து மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

“வேணும்னா என்கிட்ட இருக்கிற ரெண்டையும் எடுத்துக்கோடா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?”

“உன் பிஸ்கட் அட்டை எனக்கு எதுக்கு?” என்று வந்துவிட்டது வாயில். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன செய்வது? சித்தீக் திரும்பிப் போனார். மறுநாளிலிருந்து நாலு மணி டீயை இருவரும் தனித்தனியாகக் குடித்தார்கள். ஒரே டீக்கடைதான். ஒருவர் வைக்கோல் லாரி நிற்கும் பக்கம் பார்த்துக் குடித்தார், மற்றவர் பஸ் நிற்கும் பக்கம்.

கோல் கம்ப அட்டைக்கும் பதில் வரவில்லை. சித்தீக்கின் பெயருக்கே வரவில்லை! ஆனால் அதே வாரம், சித்தீக் தானாக அனுப்பிய ஒரு தீவன மூட்டைச் சீட்டு, கையெழுத்தோடு திரும்பி வந்தது. குந்தவை வேண்டுமென்றே உரக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அமிர்தலிங்கம் ஆல்பத்தின் காலிப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்தும் போய், சிநேகிதனும் போய், தொழிலிலும் கெட்ட பெயர். இத்தனைக்கும் காரணம் யார்? அந்தப் பயல் பரிதி.

புரட்டாசியில், தஞ்சாவூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஹாக்கிப் போட்டிக்குப் பரிசு கொடுக்கப் பரிதி வருவதாகப் பேப்பரில் போட்டிருந்தது. அமிர்தலிங்கம் வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு புது அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் செய்ததிலேயே இதுதான் உச்சம். தஞ்சாவூர் ஓவியம் போல ரேக்கு பதித்து, சிவப்புக் கல் ஒட்டி, நடுவில் பரிதி தெய்வம் மாதிரி நின்றான். பஸ்ஸில் முன்சீட்டில் சித்தீக் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே தஞ்சாவூர் வரை போனார்கள்.

பரிசளிப்பு முடிந்ததும் கூட்டம் பரிதியைச் சூழ்ந்துகொண்டது. நல்ல உயரம், சிரித்த முகம். பக்கத்தில் அவன் சாயலிலேயே ஒரு பெண், பூங்கொத்துகளை வாங்கி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் தங்கை வானதி என்று யாரோ சொன்னார்கள்.

சித்தீக் முன்னால் இருந்தார். சட்டைப் பையிலிருந்து கசங்கிய ஒரு துண்டை நீட்டினார். பரிதி அதை முழங்காலில் வைத்துச் சரசரவென்று போட்டுக் கொடுத்தான்.

அவ்வளவுதான். அமிர்தலிங்கத்துக்குள் இத்தனை மாதம் கொதித்ததெல்லாம் பொங்கிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

“தம்பி! நான் ஒரத்தநாடு அமிர்தலிங்கம். நாலு தடவை உனக்கு அட்டை அனுப்பிட்டேன். ஒண்ணுக்காவது பதில் போட்டியா? குப்பையில கிடக்கிற சீட்டுக்கெல்லாம் கையெழுத்துப் போடுற. நான் ராவும் பகலுமா கண்ணு வலிக்கச் செஞ்சு அனுப்பினதுல உனக்கு என்னப்பா குறை?”

அட்டையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். சிவப்புக் கல் பளபளத்தது. பின்னாலிருந்து யாரோ அவர் தோளைப் பிடித்தார்கள். சித்தீக்தான்.

“விடுடா லிங்கம், வா,” என்றார் மெதுவாக.

பரிதி அந்த அட்டையைப் பார்த்தான். ஓரத்து மாங்காய் பார்டரைப் பார்த்தான். முகம் சிவந்து, திருட்டுத்தனம் பிடிபட்டவன் போலத் தலையைச் சொறிந்துகொண்டு தங்கையைத் திரும்பிப் பார்த்தான்.

வானதி பூங்கொத்துகளைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பினாள்.

“ஐயோ, அந்தக் கார்டெல்லாம் அனுப்பினது நீங்கதானா சார்? எல்லாம் எங்க வீட்டு ஷோகேஸ்லதான் இருக்கு. அவ்வளவு அழகான கார்டுல கிறுக்கித் திருப்பி அனுப்ப அண்ணனுக்கு மனசே வரல, சரி, அடுத்தது கொஞ்சம் சுமாரா வந்தா அதுல போட்டு அனுப்பிடலாம்னு பார்த்தா, ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட நல்லா செஞ்சு அனுப்பிடறீங்களே!”